'ஏதோ தப்பு நடந்துருச்சு'ன்னா ஆச்சா?

பெங்களூர்ல பொட்டி தட்டுற சனத்தை மூணு ரகமாப் பிரிக்கலாம். புரோகிராம் எழுதுறவங்க, அதைச் சோதிச்சுப் பார்க்கிறவங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வந்தா எழுந்து உட்கார்றவங்க. முதல் ரெண்டு ரகத்தைப் பத்தி எல்லாரும் எழுதுறாங்க. மூணாவது ரகம்தான் பாவம். அவங்க முன்னால இருக்கிற புரோகிராமை அவங்க எழுதியிருக்க மாட்டாங்க. எழுதின புண்ணியவான் எப்பவோ வேற கம்பெனிக்குத் தாவியிருப்பார். கையில இருக்கிறது ஒரே ஒரு வரி: 'ஏதோ தப்பு நடந்துருச்சு. மறுபடி முயற்சி பண்ணுங்க.' எங்க நடந்துச்சு, யாருக்கு நடந்துச்சு, ஏன் நடந்துச்சு... ஒண்ணும் இருக்காது.

என் கருத்து ரொம்பச் சின்னதுதாங்க. உடைஞ்சு போற புரோகிராம், எங்கே எதனால உடைஞ்சதுன்னு சொல்லிட்டுத்தான் சாகணும். அப்படிச் சொல்ல வைக்கிற கருவிகள் இருபது வருஷத்துக்கு மேலா இருக்கு. இலவசமாவும் கிடைக்குது. அதை மாட்டாம இருக்கிறது ஒரு தப்பு. மாட்டிட்டு, 'ஆச்சு, இனிமே கவலை இல்லை'ன்னு நினைக்கிறது அதைவிடப் பெரிய தப்பு. இந்த ரெண்டையும் பத்தித்தான் இந்தப் பதிவு.

பொட்டி தட்டாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நம்மூர் பஸ்ஸில கண்டக்டர் ஒவ்வொரு ஸ்டேஜிலும் டிக்கெட் நம்பரைக் குறிச்சு வைப்பாரே, ஞாபகம் இருக்கா? நடுவழியில செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினா, அந்தக் குறிப்பைப் பார்த்தே எந்த ஸ்டேஜுக்கும் எந்த ஸ்டேஜுக்கும் நடுவுல கணக்கு இடிக்குதுன்னு சொல்லிடுவார். புரோகிராமுக்கும் அப்படி ஒரு குறிப்பு வேணும். அதைக் கையால எழுதுறது பழைய முறை. 'உள்ளே வந்துட்டேன் 1', 'உள்ளே வந்துட்டேன் 2'ன்னு வரிக்கு வரி பிரிண்ட் போட்டு வைக்கிறது. போடாதவன் நம்ம தொழில்ல எவனும் கிடையாது :-) இந்தக் குறிப்பு எழுதுற வேலையை, நாம ஒரு வரிகூட டைப் பண்ணாம, ஒரு கருவியே புரோகிராமுக்குள்ள புகுந்து சேர்த்துடுதுன்னா, அதுதான் ஆட்டோமேடிக் இன்ஸ்ட்ருமென்டேஷன்.

இது புதுசு இல்லை. நெட்ஃபிளிக்ஸ் ஆரம்பிச்ச ரீட் ஹேஸ்டிங்ஸ் இருக்காரே, அவர் 1991ல ஆரம்பிச்ச முதல் கம்பெனி பியூர் சாஃப்ட்வேர். அதோட பிரபலமான சரக்கு பியூரிஃபை. சி, சி++ புரோகிராமை கம்பைல் பண்ணின பிறகு வர்ற ஆப்ஜெக்ட் கோடுக்குள்ளயே புகுந்து, மெமரியைத் தொடுற ஒவ்வொரு இடத்திலும் ஒரு காவல்காரனை உட்கார வைக்கிற கருவி அது. எந்த இடத்துல எல்லை தாண்டினோம்னு கையைப் பிடிச்சுக் காட்டும். இன்னிக்கு அந்த வேலையை அட்ரஸ் சானிடைசர் செய்யுது. கம்பைல் பண்ணும்போது ஒரு சுவிட்சைப் போட்டாப் போதும்.

ஜாவா உலகத்துல இதை வியாபாரமாக்கிக் காட்டினது வைலி டெக்னாலஜின்னு ஒரு கம்பெனி. லூ சர்ன் 1998ல ஆரம்பிச்சது. ஜாவாவோட பைட்கோடுக்குள்ள புகுந்து, ஒவ்வொரு மெத்தடும் எப்ப ஆரம்பிச்சது, எப்ப முடிஞ்சது, என்ன எக்செப்ஷன் அடிச்சதுன்னு எழுதி வைக்கும். 2004ல வந்த ஜாவா 5, இதுக்குன்னே ஒரு வாசலைத் திறந்து விட்டது. அதுதான் ஜாவா ஏஜென்ட். புரோகிராமை ஆரம்பிக்கும்போது கூடவே ஒரு ஜார் ஃபைலைக் கொடுத்தாப் போதும். ஒவ்வொரு கிளாஸும் மெமரிக்குள்ள ஏறும்போது அந்த ஏஜென்ட் அதை வாங்கிப் பார்த்து, தேவையானதைச் சேர்த்து உள்ளே அனுப்பும். சோர்ஸ் கோடை யாரும் தொடவேண்டாம்.

அதே லூ சர்ன் 2008ல தன் பேரோட ஆங்கில எழுத்துகளைக் கலைச்சுப் போட்டு ஆரம்பிச்ச கம்பெனிதான் நியூ ரெலிக். அதே வருஷம், வைலியில வேலை பார்த்த ஐஐடி டெல்லிக்காரர் ஜோதி பன்சால் ஆரம்பிச்சது ஆப்டைனமிக்ஸ். 2017ல பங்குச்சந்தைக்குப் போகிற நேரத்துல சிஸ்கோ 370 கோடி டாலர் கொடுத்து வாங்கிட்டுப் போச்சு. பிழை எங்கேன்னு சொல்ற கருவிக்கு அவ்வளவு விலை! நம்மூர் ஜோஹோவும் சைட்24x7ல இந்த மாதிரி ஏஜென்ட் வச்சிருக்காங்க.

இன்னொண்ணையும் சொல்லணும். 2008ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல இருந்து பிட்ரேஸ்னு ஒரு கருவி வந்தது. எழுதினவங்கள்ல முக்கியமானவர் ஏ. சுந்தரராஜன். ஓடிக்கிட்டிருக்கிற ஜாவா புரோகிராமை நிறுத்தாமலே அதுக்குள்ள புகுந்து கேள்வி கேட்கலாம். எனக்கு அதுல பிடிச்சது அதோட கட்டுப்பாடுகள். பிட்ரேஸ்ல எழுதுற ஸ்கிரிப்ட்ல லூப் போடக்கூடாது, புது ஆப்ஜெக்ட் உருவாக்கக்கூடாது, எக்செப்ஷன் வீசவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. ஏன்னா, பார்க்க வந்தவன் பார்த்துட்டுப் போகணும். வீட்டுல இருக்கிற சாமானைத் தள்ளி உடைச்சுட்டுப் போகக்கூடாது. சோலாரிஸ்ல வந்த டிடிரேஸோட தத்துவமும் இதேதான். பிழை தேடுற கருவியே புதுப் பிழையைக் கொண்டுவந்தா அதைவிடக் கேவலம் வேற என்ன?

இதெல்லாம் ஒரே மெஷினுக்குள்ள ஓடுற புரோகிராமுக்குச் சரி. இன்னிக்கு ஒரு பட்டனை அமுக்கினா பத்து சர்வர் தாண்டிப் போகுது. அங்கே என்ன பண்றது? இதுக்கு நல்ல உதாரணம் நம்ம பாக்கெட்டுலயே இருக்கு.

டீக்கடையில 15 ரூபாய்க்கு யுபிஐ அடிக்கிறோம். அந்த 15 ரூபாய் முதல்ல நம்ம ஆப்புல இருந்து அதோட பேங்குக்குப் போகுது. அங்கிருந்து என்பிசிஐ. அங்கிருந்து நம்ம கணக்கு இருக்கிற பேங்க். அப்புறம் டீக்கடைக்காரர் பேங்க். நடுவுல எவனாவது தூங்கினா, நமக்குக் காசு போயிடும், அவருக்குக் காசு வராது. இந்த மொத்தப் பயணத்துக்கும் ஒரே ஒரு 12 இலக்க நம்பர் உண்டு. வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டா முதல்ல கேட்கிறது அதைத்தான். பொட்டி தட்டுறவங்க பாஷையில அதுதான் ட்ரேஸ் ஐடி. அதை வச்சு யார் வீட்டு வாசல்ல பணம் நின்னுச்சுன்னு கண்டுபிடிக்கலாம்.

தோத்துப்போன பரிமாற்றத்துக்குக் காரணக் குறியீடும் உண்டு. கணக்குல காசு இல்லைன்னா ஒரு கோடு, பின் நம்பர் தப்புன்னா வேற கோடு. என்பிசிஐ இதை ரெண்டு மூட்டையாக் கட்டி, எந்த பேங்க்ல எத்தனை சதவீதம்னு மாசாமாசம் வெளியிடுது. வாடிக்கையாளர் பக்கத்துக் காரணம்னா பிசினஸ் டிக்லைன். பேங்க் சர்வர் படுத்துட்டா டெக்னிக்கல் டிக்லைன். 'சர்வர் டவுன் சார்'னு சொல்லி எந்த பேங்கும் தப்பிக்க முடியாது. கூடவே 2019 செப்டம்பர்ல ரிசர்வ் பேங்க் ஒரு உத்தரவு போட்டது. காசு போய், எதிராளிக்குச் சேரலைன்னா அடுத்த நாளுக்குள்ள தானா திரும்ப வரணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. இதைக் கவனிங்க. பிழைக்கு ஒரு அடையாளம், ஒரு காரணம், ஒரு பொறுப்பாளி, ஒரு காலக்கெடு. நாலும் சேர்ந்ததாலதான் டீக்கடைக்காரர்கூட நம்பி ஸ்கேன் பண்ணச் சொல்றார். 2023 ஆகஸ்டுல மாசத்துக்கு 1000 கோடி பரிமாற்றத்தைத் தாண்டின விஷயம் இது. ட்ரேஸ் இல்லாம இந்த எண்ணிக்கையைக் கட்டி மேய்க்கவே முடியாது.

இதே யோசனையைச் சாஃப்ட்வேர் உலகத்துல கூகுள் 2010ல டாப்பர்ங்கற கட்டுரையில எழுதிச்சு. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு ஐடி, அது போற ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்பான். அவங்க செஞ்ச புத்திசாலித்தனம் என்னன்னா, எல்லாரும் பொதுவாப் பயன்படுத்துற லைப்ரரிகளுக்குள்ளயே இதைப் புதைச்சுட்டாங்க. அப்ளிகேஷன் எழுதுறவங்க நினைச்சாலும் மறக்க முடியாது. அதைப் பார்த்து ட்விட்டர்ல இருந்து ஜிப்கின், ஊபர்ல இருந்து யேகர் வந்தது. 2019ல ரெண்டு திட்டங்கள் ஒண்ணாச் சேர்ந்து ஓப்பன்டெலிமெட்ரி ஆச்சு. ஜாவா, பைத்தான், நோட், டாட்நெட் எல்லாத்துக்கும் கோடைத் தொடாம மாட்டலாம். சல்லிக்காசு கிடையாது. அப்புறம் ஏன் இன்னமும் 'ஏதோ தப்பு நடந்துருச்சு'?

இங்கதாங்க என் புலம்பல் ஆரம்பம். கருவியால செய்ய முடியாதது நாலு இருக்கு.

ஒண்ணு, முழுங்கின எக்செப்ஷன். ட்ரை போட்டு, கேட்ச் போட்டு, கேட்சுக்குள்ள ஒண்ணுமே எழுதாம விட்டிருப்பாங்க. இல்லைன்னா ஃபால்ஸ்னு திருப்பி அனுப்பியிருப்பாங்க. இந்த ஊர்ல எதுக்கெடுத்தாலும் 'சொல்ப அட்ஜஸ்ட் மாடி'ம்பாங்களே, அதைப் புரோகிராம்ல எழுதினா இதுதான். வெளியில இருந்து பார்க்கிற ஏஜென்டுக்கு அந்த மெத்தட் நல்லபடியா முடிஞ்ச மாதிரி தெரியும். பச்சை விளக்கு எரியும். டாஷ்போர்டு பூரா பச்சை, வாடிக்கையாளர் முகம் மட்டும் சிவப்பு. நான் பார்த்த ஒரு புராஜெக்ட்ல ஆயிரக்கணக்கான கேட்ச், பாதிக்கு மேல காலி. அதுக்கு எந்த ஏஜென்டை மாட்டினாலும் செத்தவன் கையில வெத்தலைப் பாக்கு கொடுத்த மாதிரிதான்.

ரெண்டு, அர்த்தம். ஏஜென்ட் 'டேட்டாபேஸ் கொரி 4 செகண்ட் எடுத்துச்சு'ன்னு சொல்லும். 'இது ஓய்வூதியக் கணக்கு, இந்த மாசப் பணம் ரெண்டு தடவை போயிடுச்சு'ன்னு சொல்லாது. அந்த வார்த்தையை எழுதின ஆள்தான் சேர்க்கணும். ஜாவாவையே எடுத்துக்கங்க. ஒரே வரியில நாலு புள்ளி வச்சு எழுதினா, நல் பாயிண்டர் எக்செப்ஷன் வர்றப்ப எது நல்னு சொல்லாது. லைன் நம்பரை மட்டும் துப்பும். எது நல்னு சொல்ற வசதி 2020ல ஜாவா 14லதான் வந்தது. மொழி வந்து 25 வருஷம் கழிச்சு! இன்னொரு கூத்தும் உண்டு. ஒரே இடத்துல அதே எக்செப்ஷன் திரும்பத் திரும்ப அடிச்சா, ஜேவிஎம் வேகத்துக்காக ஸ்டாக் ட்ரேஸையே விட்டுட்டு வெறும் பேரை மட்டும் எழுதும். லாக்ல வெறும் பேரைப் பார்த்து முழிக்கிறவங்களுக்கு ஒரு டிப்ஸ்: அதே லாக்ல பின்னாடி போய் முதல் தடவை அடிச்சதைத் தேடுங்க, முழு ட்ரேஸ் அங்கே இருக்கும். இந்தச் சிக்கனத்தை நிறுத்தி வைக்கவும் ஜேவிஎம்ல ஒரு ஆப்ஷன் இருக்கு.

மூணு, சாம்பிளிங். எல்லாத்தையும் எழுதி வச்சா டிஸ்க் தாங்காது, பில்லும் தாங்காது. டாப்பரோட முதல் வடிவம் 1024 கோரிக்கைக்கு ஒண்ணைத்தான் எடுத்து வச்சது. பொதுவா எது மெதுவா ஓடுதுன்னு பார்க்க அது போதும். ஆனா ஒருத்தருக்கு மட்டும் காணாமப் போன 500 ரூபாயைத் தேட அது உதவாது. அவரோட பரிமாற்றம் மிச்ச 1023ல விழுந்திருக்கும். அதனால, நல்லா முடிஞ்சதை வேணா சாம்பிள் பண்ணுங்க, தோத்ததை ஒண்ணுவிடாம வைங்க. பயணம் முடிஞ்ச பிறகு வைக்கலாமா வேண்டாமான்னு முடிவெடுக்கிற வசதி இப்ப இருக்கு. பெரும்பாலான இடங்கள்ல யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கிறதில்லை.

நாலு, அந்தரங்கம். தானா எழுதுற கருவிக்கு எதை எழுதக்கூடாதுன்னு தெரியாது. 2018 மே மாசம் ட்விட்டர் தன்னோட 33 கோடிப் பேரையும் பாஸ்வேர்டை மாத்தச் சொன்னது ஞாபகம் இருக்கும். யாரும் திருடலை. அவங்க உள்ளே வச்சிருந்த லாக்ல பாஸ்வேர்டு அப்படியே எழுத்தா விழுந்துக்கிட்டிருந்தது, அவ்ளோதான். மெத்தடுக்குப் போற மதிப்பையெல்லாம் பிடிச்சு வைன்னு நம்மாளு ஏஜென்ட்ல டிக் பண்ணிட்டா ஆதார் நம்பர், கார்டு நம்பர் எல்லாம் ட்ரேஸ்ல போய் உட்காரும். ராத்திரி ஷிப்டுல இருக்கிற யார் வேணா பார்க்கலாம். 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்புல கோட்டை விட்டா 250 கோடி வரைக்கும் அபராதம்னு சொல்லுது. லாக்கை 180 நாள் வைக்கணும்னு செர்ட்-இன் 2022லயே சொல்லியாச்சு. ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. குப்பையை அள்ளி அள்ளி ஆறு மாசம் பத்திரப்படுத்தினா, அதுவே வெடிகுண்டு.

'சரிப்பா, ஒரு எரர் மெசேஜுக்கு இவ்வளவு அலப்பறையா?'ன்னு கேட்கிறவங்களுக்கு, இங்கிலாந்து போஸ்ட் ஆபீஸ் கதையைச் சொல்லணும்.

1999ல அங்கே ஹொரைசன்னு ஒரு சாஃப்ட்வேர் வந்தது. செஞ்சது ஃபுஜிட்சு. கிளை போஸ்ட் ஆபீஸ் நடத்துறவங்க கணக்குல பணம் குறையுதுன்னு அது காட்டும். 'நான் எடுக்கலை'ன்னு அவங்க கதறினாலும், 'கம்ப்யூட்டர் தப்புச் சொல்லாது'ன்னு வழக்குப் போட்டாங்க. 900 பேருக்கு மேல குற்றவாளி ஆனாங்க. அதுல நம்ம நாட்டு வம்சாவளிக்காரங்க நிறையப் பேர். சீமா மிஸ்ரா 2010 நவம்பர்ல, தன் பையனோட பத்தாவது பிறந்தநாள் அன்னிக்கு, வயித்துல குழந்தையோட ஜெயிலுக்குப் போனார். 2021 ஏப்ரல்லதான் தீர்ப்பு ரத்தாச்சு.

உண்மையில என்ன பிழைகள் இருந்தது? ஒண்ணு மட்டும் சொல்றேன். 2015ல ஸ்காட்லாந்துல டால்மெல்லிங்டன் கிளையில 8000 பவுண்டை வரவு வைக்கும்போது ஸ்கிரீன் உறைஞ்சு நின்னுச்சு. மறுபடி மறுபடி என்டர் அமுக்கினதுல 4 தடவை பதிவாகி, 24,000 பவுண்டு இல்லாத பற்றாக்குறை முளைச்சது. இதுல பெரிய கொடுமை எது தெரியுமா? தெரிஞ்ச பிழைகளோட பட்டியலே ஃபுஜிட்சுகிட்ட இருந்தது. வழக்குல மாட்டினவங்க கைக்கு அது போகலை. ஃபுஜிட்சு ஆளுங்க தூரத்துல இருந்தே கிளையோட கணக்குல பதிவைச் சேர்க்க முடியும்ங்கறதும் 2019 தீர்ப்புலதான் தெளிவா வெளிய வந்தது.

அதாவது, ட்ரேஸ் இல்லாததைவிட, ட்ரேஸ் ஒரு பக்கத்துக்கிட்ட மட்டும் இருக்கிறது ஆபத்து. உடைஞ்சது புரோகிராமா மனுஷனான்னு நிரூபிக்கிற சாட்சி அது. அதைத் திறந்து பார்க்கிற உரிமை பாதிக்கப்பட்டவருக்கு இல்லைன்னா, கருவி எவ்வளவு உசத்தியா இருந்தும் பிரயோஜனம் இல்லை. நாளைக்கே நம்மூர்ல ஒரு ரேஷன் கடைக்காரரோ, பேங்க் ஏஜென்டா கிராமத்துல கைரேகை மெஷின் வச்சிருக்கிற பொண்ணோ கணக்குல மாட்டினா, 'கம்ப்யூட்டர் சொல்லுது'ன்னு கையைக் கட்டிட்டு நிற்கப் போறோமா?

அப்ப ஏன் நாம இதைச் செய்யறதில்லை? ரெண்டு காரணம்னு நான் நினைக்கிறேன். முதல் காரணம் காசு. சர்வீஸ் கம்பெனி ஒப்பந்தத்துல ஸ்கிரீன் எத்தனை, ரிப்போர்ட் எத்தனைன்னு இருக்கும். 'உடைஞ்சா எப்படிச் சொல்லும்'ங்கற வரி இருக்காது. இல்லாததுக்கு எவன் பில் போடுவான்? மேல பராமரிப்புக்குத் தனி ஒப்பந்தம், தலைக்கு இவ்வளவுன்னு. பிழையைத் தேட நாலு ஆள் நாலு நாள் உட்கார்ந்தா வருமானம், அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சா நஷ்டம். யாரும் வேணும்னு செய்யறாங்கன்னு சொல்லலை. ஆனா காசு அந்தப் பக்கம் சாயும்போது தராசு தானா சாயும்.

ரெண்டாவது காரணம் பயம். ட்ரேஸ் பக்காவா இருந்தா, யார் எழுதின கோடு உடைஞ்சதுன்னு தெரிஞ்சிடும். டேமேஜர் மீட்டிங்ல பேரைச் சொல்லிக் கேட்பார். அப்ரைசல்ல உதைக்கும். அதுக்குப் பயந்தே, ரெண்டு வருஷ அனுபவம் உள்ள பையன் எக்செப்ஷனை முழுங்க வைக்கிறான். அவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பிழையைச் சொன்னவனுக்குத் தண்டனை, மறைச்சவனுக்கு நிம்மதின்னு வச்சிருக்கிற இடத்துல எந்த ஏஜென்டும் வேலை செய்யாது. 'இதை எப்படி அடுத்த தடவை முன்கூட்டியே பிடிக்கிறது?'ன்னு மட்டும் கேட்கிற மேனேஜர் கிடைச்சா, அவங்க டீம்ல லாக் தானாவே சுத்தமா இருக்கும். அப்படிப்பட்டவங்களையும் பார்த்திருக்கேன். குறைச்சல்தான், ஆனா இருக்காங்க.

புதுசா புராஜெக்ட் ஆரம்பிக்கிறவங்க நாலே நாலு காரியம் செய்யுங்க போதும். முதல் நாளே ஏஜென்டை மாட்டிடுங்க, கடைசியில பார்த்துக்கலாம்னு விடாதீங்க. காலி கேட்ச் இருந்தா பில்டே தோத்துப் போற மாதிரி ஒரு விதி போடுங்க, அதுக்கும் இலவசக் கருவிகள் இருக்கு. ட்ரேஸ்ல எது போகலாம்னு ஒரு பட்டியல் எழுதுங்க, பட்டியல்ல இல்லாதது போகக்கூடாது. கடைசியா, வாடிக்கையாளர் பார்க்கிற எரர் மெசேஜ்ல ஒரு நம்பர் கொடுங்க. அந்த நம்பரைச் சொன்னா, போனை எடுக்கிற ஆள் ரெண்டு நிமிஷத்துல அந்தக் கோரிக்கை போன வழியைப் பார்க்க முடியணும். 15 ரூபாய் டீக்குக் கிடைக்கிற மரியாதை, ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கிற பாட்டிக்கும் கிடைக்கணும். அவ்ளோதாங்க கேட்கிறது.

டிஸ்கி: மேல சொன்ன கருவிகள் எதுக்கும் நான் ஏஜென்ட் இல்லை. 'எங்க புராஜெக்ட்ல காலி கேட்சே கிடையாது'ன்னு சொல்றவங்க, ஒரு தடவை தேடிப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க :-)